மறுபடி ஓட வருகிறீர்களா? புது ஷூவில் இந்தத் தவறுகள் வேண்டாம்

ஓட்டத்தை நிறுத்தி மாதக்கணக்கானவர்கள் திரும்ப வரும்போது முதலில் செய்வது புது ஷூ வாங்குவதுதான். தாராளமாக வாங்கலாம். மறுநாள் காலையிலேயே அதை மாட்டிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடுவதில்தான் வம்பு. ஓட்டமும் புதிது, ஷூவும் புதிது என்றால், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது எதனால் என்றே தெரியாது.

கடையில் விரல் நெருக்குகிறது, ஆனால் "போடப் போட சரியாயிடும்" என்று வாங்கிவிடுகிறோம். தோல் செருப்புக்கு அது பொருந்தும். ஓட்ட ஷூவின் மேல்துணி அப்படி இளகிக் கொடுக்காது. கடையில் இறுக்கமாக இருந்தது பத்தாவது கிலோமீட்டரில் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஓடும்போது பாதம் வீங்கும். அதனால் மாலையில் போய், ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, நின்றபடி பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அது இல்லாவிட்டால் நகம் முட்டி முட்டிக் கறுத்துப்போகும். பழைய அளவை நம்பிக் கேட்காதீர்கள். எடை கூடியவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் பாத அளவு மாறியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "அதிகம் ஓடாத ஷூதானே" என்று பரணில் நாலைந்து வருடம் கிடந்ததை எடுத்து மாட்டுவது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் பசை விட்டுப்போகும், நுரை இறுகிவிடும். சில சமயம் பாதி வழியில் அடிப்பாகமே தனியாகக் கழன்று வரும்.

வாங்கும்போது பலர் கேட்காமல் விடுவது, குதிகால் பக்கம் முன்பாதத்தைவிட எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பது. இதை டிராப் என்பார்கள். 10 மில்லிமீட்டர் டிராப்பில் ஓடிப் பழகியவர் திடீரென்று 4-க்கு இறங்கினால், கெண்டைக்கால் தசைக்கும் குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாணுக்கும் வேலை கூடுகிறது. பழைய ஷூவின் டிராப் என்ன என்று பார்த்து, அதையொட்டியே வாங்குவது நல்லது.

சரி, எப்படிப் பழக்குவது? முதல் ஓரிரு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள். அடி அழுக்காகாமல் இருந்தால், ஒத்துவராதபோது திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கும். அப்புறம் அரை மணி நேர நடை. அதன்பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம். பழைய ஷூ இன்னும் நன்றாக இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. தசைநாணும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லை, ஷூவும் மெத்தென்று இருக்கிறது என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் அடிபடுகிறது.

குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்கினால் லேஸை இன்னும் இறுக்கிக் கட்டாதீர்கள், பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும். கணுக்காலருகே சும்மா விடப்பட்ட கடைசி ஓட்டை இருக்கிறதே, அது இதற்குத்தான். லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் நுழைத்துச் சின்ன வளையமாக விட்டு, எதிர்ப்பக்க நுனியை அதற்குள் கோத்து இழுத்தால் குதிகால் அசையாமல் உட்காரும். பருத்தி சாக்ஸ் வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், கொப்புளத்துக்கு அதுவே போதும். நைலான், பாலியஸ்டர் கலந்தது நல்லது. நனைந்த ஷூவை வெயிலில் காயவைக்காமல், உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் வையுங்கள்.

ஆரம்பத்தில் இரண்டு கெண்டைக்காலும் ஒரே மாதிரி வலித்து இரண்டு மூன்று நாளில் அடங்கினால் பயமில்லை. ஆனால் முன்னங்கால் எலும்பிலோ பாதத்திலோ ஒரே இடத்தில், விரல் வைத்து அழுத்தினால் சுள்ளென்று வலித்து, ஓட ஓடக் கூடினால் அதை ஷூ பழகும் வலி என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.