கல்லூரியில் மேடைப்பேச்சு பாடம் எடுத்திருக்கிறீர்களா? இப்படித் தயாராகுங்கள்

மேடைப்பேச்சு அறிமுகப் பாடத்துக்கு வருகிறவர்களில் பலர் முதல் நாளே ஒரு முடிவோடுதான் வந்து உட்காருகிறார்கள். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு அது பிறவியிலேயே வந்தது, நமக்கு வராது, பாஸ் ஆனால் போதும் என்று. இந்த எண்ணத்தை முதல் வாரமே கழற்றி வைத்துவிடுங்கள். ஏனென்றால் இந்தப் பாடத்தில் மதிப்பெண் வாய்ச் சாமர்த்தியத்துக்குக் கிடைப்பதைவிடத் தயாரிப்புக்குத்தான் அதிகம் கிடைக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் ஆசிரியரிடம் மதிப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தலைப்பைச் சுருக்கியிருக்கிறாரா, பேச்சுக்கு ஒரு அமைப்பு இருக்கிறதா, சொன்னதற்கு ஆதாரம் காட்டினாரா, நேரத்துக்குள் முடித்தாரா என்றுதான் பாதிக் கட்டங்கள் இருக்கும். இதெல்லாம் மேடை ஏறுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிக்கிற வேலை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதில் பின்தங்குவதில்லை, பல நேரம் அவர்கள்தான் ஒழுங்காகத் தயாரித்துக்கொண்டு வருகிறார்கள்.

பாடத்தின் வடிவம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் சின்னதாக ஒரு சுய அறிமுகம், அப்புறம் ஒரு விஷயத்தை விளக்குகிற உரை, கடைசியில் கேட்பவர்களைச் சம்மதிக்க வைக்கிற உரை, நடுவில் எங்காவது தலைப்பைக் கையில் கொடுத்ததும் பேச வேண்டிய திடீர்ப் பேச்சு.

பேசுகிற முறை நான்கு. எழுதி வைத்து வாசிப்பது, மனப்பாடம் செய்து ஒப்பிப்பது, யோசிக்க நேரமே இல்லாமல் பேசுவது, நன்றாகத் தயாரித்துவிட்டுக் கையில் சின்னக் குறிப்பு மட்டும் வைத்துக்கொண்டு பேசுவது. பாடம் உங்களிடம் கேட்பது இந்த நான்காவதைத்தான். ஆனால் முதல் உரைக்கு வருகிறவர்கள் பயத்தில் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். மனப்பாடத்தில் உள்ள சிக்கல் என்னவென்றால், ஒரு சொல் நழுவினால் அதற்குப் பின்னால் இருக்கிற அத்தனையும் சேர்ந்து நழுவும். கண் மேலே போய்விடும், நினைவிலிருந்து படிப்பது எதிரே இருப்பவர்களுக்கு அப்படியே தெரியும். குறிப்பிலிருந்து பேசுகிறவருக்கு ஒரு வாக்கியம் தப்பினாலும் கருத்து தப்பாது, வேறு வாக்கியத்தில் அதையே சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

தலைப்பைச் சுருக்குவது

ஐந்து நிமிடம் பேச வேண்டும், தலைப்பு ‘இணையப் பாதுகாப்பு’ என்று வருகிறார்கள். அது தலைப்பு இல்லை, ஒரு செமஸ்டர் பாடம். உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: நான் பேசி முடித்து உட்கார்ந்ததும், கடைசி பெஞ்சில் இருப்பவருக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்க வேண்டும்? இதற்கான பதிலை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிற வரைக்கும் வேறு எதையும் எழுதாதீர்கள். உதாரணத்துக்கு இப்படி: “ஒரே பாஸ்வேர்டைப் பல தளங்களில் வைத்திருந்தால், ஒரு தளத்தில் அது கசிந்தாலே மற்றக் கணக்குகளும் எப்படிப் பறிபோகின்றன என்று விளக்குவது.” இதுவரை வந்துவிட்டால் உரையின் எலும்புக்கூடு தானாகவே கிடைத்துவிடும். கசிவு எப்படி நடக்கிறது, கசிந்த மின்னஞ்சல்-பாஸ்வேர்டு பட்டியலை வைத்து மற்றத் தளங்களில் நிரல்கள் எப்படி ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கின்றன, தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் அதை எங்கே தடுக்கின்றன. மூன்று பகுதி, முடிந்தது. நான்காவதாக ‘வைரஸ் வகைகள்’ என்று ஒன்றைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம்.

ஆதாரத்தை வாயால் சொல்ல வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். எழுதிக் கொடுக்கிற சுருக்கத்தில் மேற்கோள் இருந்தால் போதாது, பேசும்போதே யார் சொன்னது, எந்த வருடம், அவர் எந்த வகையில் இதில் விவரம் தெரிந்தவர் என்று அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்குப் போக வேண்டும். ‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்று மொட்டையாகச் சொன்னால் அங்கேயே மதிப்பெண் குறையும்.

தொடக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். நடுப்பகுதி என்னவென்று தெரியாமல் எதற்குத் தொடக்கம் எழுதுவீர்கள்? “அனைவருக்கும் வணக்கம், நான் இன்று உங்கள் முன் பேச எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு என்னவென்றால்” என்று ஆரம்பிக்கிறவரை யாரும் திட்டப் போவதில்லை, ஆனால் யாரும் நிமிர்ந்து உட்காரவும் போவதில்லை. மேலே சொன்ன உரைக்கு நான் இப்படித் தொடங்கச் சொல்வேன்: “உங்கள் மின்னஞ்சலுக்கு என்ன பாஸ்வேர்டு என்று நான் கேட்கப் போவதில்லை. அதையே வேறு எத்தனை இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.” இதைச் சொல்லிவிட்டு மூன்று நொடி நில்லுங்கள். எண்ணுவார்கள். அதன் பிறகு இன்று என்ன பேசப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு உள்ளே போகலாம்.

ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிற இடம்தான் முதல் உரைகளில் அதிகம் இடறுகிற இடம். “அடுத்ததாக” என்பதை மட்டும் வைத்துக்கொண்டு பாலம் கட்ட முடியாது. “சரி, பட்டியல் வெளியே போய்விட்டது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?” என்பது போல முடிந்ததையும் வரப்போவதையும் சேர்த்துச் சொல்கிற வாக்கியம் ஒன்று ஒவ்வொரு தாவலுக்கும் தயாராக இருக்கட்டும். எழுத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், பேச்சில் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது.

காதுக்கான தமிழ்

தமிழில் பேசுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. எழுத்துத் தமிழிலா, வீட்டில் பேசுகிற மாதிரியா? என் கருத்து, இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். வினைமுடிவுகள் தெளிவாக இருக்கட்டும், ஆனால் வாக்கியம் பேசுகிற நீளத்தில் இருக்கட்டும். “தரவுக் கசிவின் விளைவாகப் பயனர்களின் கணக்கு விவரங்கள் அங்கீகாரமற்ற நபர்களால் கையாளப்படும் அபாயம் ஏற்படுகிறது” என்று எழுதிக்கொண்டு வந்து வாசித்தால், அது கண்ணுக்குப் பரவாயில்லை, காதுக்கு ஆகாது. அதையே “தளம் ஒன்றில் திருட்டு நடந்தது. திருடியவர் கையில் இப்போது உங்கள் மின்னஞ்சல் இருக்கிறது, பாஸ்வேர்டும் இருக்கிறது. அவர் முதலில் எந்தக் கதவைத் தட்டுவார்?” என்று சொல்லிப் பாருங்கள். ஆள் வந்துவிட்டார், செயல் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சு முட்டுகிற வாக்கியத்தை எல்லாம் இரண்டாக உடையுங்கள்.

குறிப்பு அட்டையில் வாக்கியமே இருக்கக் கூடாது. மேலே சொன்ன உரைக்கு ஒரு அட்டை போதும்: “எண்ணிப் பாருங்கள் – 3 நொடி” என்று ஒரு வரி, அதன் கீழே “1 கசிவு: பட்டியல்”, “2 நிரல் முயற்சி”, “3 தனித்தனி + இரண்டு கட்டம்”, ஆதாரத்தின் பெயரும் வருடமும், ஒரு ஓரத்தில் பெரிதாக “மெதுவாக”. எழுத்து கை நீளத்தில் பிடித்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஏ4 தாள் எடுத்துப் போகாதீர்கள், கை நடுங்குவதை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

ஒத்திகை

மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, வகுப்பில் பேசப்போகிற அதே சத்தத்தில், போனில் நேரம் வைத்துப் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் வார்த்தைகள் மாறும், மாறட்டும், அதுதான் நமக்கு வேண்டும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் என்று பொதுவாகச் சொல்கிற கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, நம் சொற்கள் நீளம். அதனால் சொல்லை எண்ணாமல் கடிகாரத்தைப் பாருங்கள். மேடையில் பதற்றத்தில் வேகம் கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட உரை வீட்டில் ஐந்தரை நிமிடம் ஓடினால் மூன்றாவது பகுதியில் ஒரு உதாரணத்தை வெட்டுங்கள், வேகமாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பதற்றம் பெரும்பாலானவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறி இறங்குகிறது. பெயரைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்பும் பேசத் தொடங்குகிற முதல் நிமிடத்திலும் உச்சத்தில் இருக்கும், அப்புறம் தானாகவே தணியும். ஆகவே முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், விதிவிலக்கு அது ஒன்றுதான். மூளை வேலை செய்யாத அந்த நேரத்தை வாய் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, உள்ளே இதயம் அடித்துக்கொள்வது எதிரே இருப்பவர்களுக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. 2003-இல் உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒரு உண்மையை முன்கூட்டியே சொல்லி அனுப்பிய மாணவர்கள் சொல்லாதவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். 2014-இல் ஆலிசன் வுட் புரூக்ஸ் செய்த சோதனைகளில், ‘அமைதியாக இரு’ என்று தன்னை அடக்கப் பார்த்தவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு மேலாக இருந்தது. துடிக்கிற இதயத்தை நிறுத்துவது கடினம், அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம். முயன்று பாருங்கள், செலவில்லை.

உடல்மொழியைப் பற்றி எங்கேயோ ஒரு ஸ்லைடில் கட்டாயம் பார்ப்பீர்கள்: பேச்சின் தாக்கத்தில் சொற்களுக்கு 7 சதவீதம்தான், மீதி 93 குரலும் உடலும் என்று. நம்பாதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 சோதனைகளில் இருந்து பிய்த்தெடுத்த எண் அது. அவை தனிச் சொற்களில் தெரியும் விருப்பு வெறுப்பை மக்கள் எப்படிக் கணிக்கிறார்கள் என்று பார்த்தவை, உரைகளைப் பற்றியவை அல்ல. கால் இரண்டையும் ஊன்றி நில்லுங்கள், ஒரு கருத்து முடிகிற வரை ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு அடுத்தவருக்குப் போங்கள், கையை அதன் பாட்டுக்கு விடுங்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். ஸ்லைடு வைத்தால் அதில் படம் இருக்கட்டும், பத்தி வேண்டாம்.

சம்மதிக்க வைக்கும் உரையும் திடீர்ப் பேச்சும்

விளக்க உரைக்கு எடுத்த அதே தலைப்பை ஆசிரியர் அனுமதித்தால் இதற்கும் எடுங்கள், தேடல் வேலை பாதி மிச்சம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஆலன் மன்ரோ 1930-களில் வகுத்த ஐந்து படி வரிசையைப் பல வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்: கவனத்தை இழு, குறையைக் காட்டு, தீர்வைச் சொல், அந்தத் தீர்வு நடந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்து, இப்போதே செய்ய ஒன்றைக் கொடு. மாணவர்கள் கோட்டை விடுவது கடைசிப் படியில். “எல்லோரும் விழிப்புணர்வோடு இருப்போம்” என்பதைக் கேட்டு யாரும் எதையும் செய்ய முடியாது. “இன்று இரவு மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள், மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்க அனுப்பும் இணைப்பு அங்கேதான் வருகிறது” என்றால் செய்யலாம், காரணமும் கையோடு இருக்கிறது.

திடீர்ப் பேச்சுக்கு ஒரு நிலைப்பாடு, ஒரு காரணம், ஒரு உதாரணம், திரும்ப அந்த நிலைப்பாடு. இதற்கு மேல் போகாதீர்கள். தயாரிப்பே இல்லாமல் பேசுவது பெரிய பேச்சாளர்களுக்கு மட்டும் வாய்த்த வித்தை என்றும் நினைக்க வேண்டாம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது, இன்று எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் ‘எனக்கு ஒரு கனவு இருக்கிறது’ என்கிற அந்தப் பகுதி கையில் இருந்த எழுத்துப் பிரதியில் இல்லை. ஆனால் அதற்கு முந்தைய கூட்டங்களில் அவர் அதைப் பேசியிருந்தார். நீங்களும் அன்றாடம் நன்றாகச் சொல்லக்கூடிய இரண்டு மூன்று சம்பவங்களை ஒத்திகை பார்த்து வைத்துக்கொண்டால், கொடுக்கிற தலைப்பில் ஏதாவது ஒன்று பொருந்தும்.

உங்கள் உரையை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், பேசி முடித்த பிறகு அந்தப் பதிவை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டு, கண் எத்தனை முறை அட்டைக்குப் போகிறது, எந்த இடத்தில் உடல் ஆடுகிறது என்று மட்டும். இரண்டாவது முறை திரையைக் கவிழ்த்துவிட்டுக் காதால் மட்டும், “வந்து”, “அதாவது” எல்லாம் எங்கே கொத்தாக விழுகின்றன என்று குறித்துக்கொண்டு. பெரும்பாலும் அவை பாலம் கட்டாமல் விட்ட இடத்தில்தான் விழுந்திருக்கும். அடுத்த உரையின் அட்டையில் அந்த மாதிரி இடத்துக்கான வாக்கியத்தை முதலில் யோசித்துவிட்டு மற்றதை எழுதுங்கள்.