முகத்துவாரத்தில் மீன்குஞ்சு ஆராயப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை மழை பிடித்ததும் யாழ்ப்பாணத்தில் அராலிப் பக்கமும் தொண்டைமானாற்றிலும் வாளியும் உப்புமானியுமாக மாணவர்கள் இறங்குகிறார்கள். நாங்கள் விட்ட பிழைகளையே அவர்களும் விடுகிறார்கள். வலை கிழிவது, லேபல் நனைவது எல்லாம் இரண்டு தரம் போனால் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படியல்ல.

மேல்நீரை மட்டும் அளப்பது

ஒரு மாரியின் உழைப்பையே பாழாக்குவது இதுதான். பாலத்தில் நின்று வாளியை விட்டு அள்ளுகிறார்கள். அராலியில் வந்து விழும் வழுக்கியாறு மழைக்குத்தான் ஓடும். அந்த நன்னீர் பாரம் குறைந்தது, உப்புநீரின் மேலே படரும். காற்று அடங்கிய காலையில் உப்பு மேலே ஆயிரத்துக்கு 5 பங்கு, முக்கால் மீற்றர் கீழே 25 என்றுகூட வரலாம். வலையோ நிலத்தை உரசி வருகிறது. அதில் ஏறிய திரளிக் குஞ்சுக்கு நேரே 5 என்று எழுதினால், அது நீந்தியிராத தண்ணீரை எழுதுகிறோம். அடுத்த மாரிவரை திருத்த வழியில்லை. ஒரு போத்தலும் கயிறும் போதுமே என்பதால்தான் இதைக் காண இன்னும் கோபம் வருகிறது.

750 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலில் ஒன்றரைக் கிலோ கல்லைக் கட்டுங்கள். தக்கைக்குத் தனிக்கயிறு. மூடியபடியே நிலத்துக்கு ஒரு சாண் மேலே இறக்கி, தக்கையை வெடுக்கென இழுங்கள். குமிழி நின்றதும் தூக்குங்கள். மேல், நடு, அடி மூன்றையும் எழுதுங்கள். மேல்நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் அடிநீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள்: சர்பத்துக்குள் சீனிப்பாகு இறங்குவதுபோல நெளிந்து கீழே போகும்.

உப்புமானியைக் கிணற்றுநீரில் பூச்சியமாக்குவது

வேண்டாம். வடித்த நீர் மட்டும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் உவர் உண்டு.

காலை 10 மணிக்கு ஒட்சிசன் பார்ப்பது

30 பாகைச் சூட்டில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசன் தாங்கும். உப்பு 35 ஆனால் 6.2தான். கோடையில் கடல்நீரேரி வற்றி உப்பு அதற்கும் மேலே ஏறும்போது இன்னும் குறையும். பகலில் ஒட்சிசன் விடும் நீர்த்தாவரமான சாதாளை, இரவில் அதையே உறிஞ்சும். குஞ்சு மேலே வந்து வாய் திறப்பது விடியற்புறத்தில். 5 மணிக்கு அளந்து பாருங்கள்.

குஞ்சைக் காணாவிட்டால் செத்துவிட்டது என்று எழுதுவது

வெள்ளத்துக்கு ஒதுங்கிக் கண்டல் வேர்களுக்குள் நிற்கலாம்; உங்கள் வலைக்கண் பெரிதாகவும் இருக்கலாம். தொண்டைமானாற்றிலென்றால், தடுப்பணைக் கதவு அன்று திறந்திருந்ததா என்பதை முதல் வரியிலேயே குறியுங்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்ற குஞ்சை மழையின் கணக்கில் போடக்கூடாது.