பெரிய எண்ணை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெரிய முழு எண் பகா எண்ணா, பகு எண்ணா, மிகையெண்ணா (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூடுதல் தன்னைவிடப் பெரிதாக உள்ள எண்), முழு வர்க்கமா என்று வகைப்படுத்துவோர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பகாக் காரணிகளை முழுமையாகக் காண்பதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிடுவதால் நேர்பவை.

12,34,567 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 2, 3, 5, 7, 11 என வகுத்துப் பார்த்து, ஒவ்வொன்றிலும் மீதி வருவதைக் கண்டவுடன் அதைப் பகா எண் என்று எழுதிவிடுவோர் உண்டு. 100 வரையுள்ள 25 பகா எண்களையும் பொறுமையாகச் சோதித்தவர்கூட இங்கே ஏமாந்துபோவார்; ஏனெனில் அதன் மிகச் சிறிய பகாக் காரணி 127 (127 × 9,721 = 12,34,567). வர்க்கமூலம் 1,111-ஐச் சற்றே தாண்டுவதால், 1,111 வரையுள்ள பகா எண்களைச் சோதித்தாக வேண்டும்; அதற்கு மேல் போவது வீண் வேலை.

சில எடுத்துக்காட்டுகள் பொருந்துவதைக் கண்டு பொது விதியை ஊகிப்பதும் ஆபத்தானது. 3, 5, 17, 257, 65,537 ஆகியவை பகா எண்களாக அமைந்த வரிசையில் (ஓர் எண்ணில் 1-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, 1-ஐக் கூட்டினால் அடுத்த எண்) அடுத்து வரும் 4,29,49,67,297-ஐயும் பகா எண் என்றே கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். அது 641-ஆல் வகுபடும் என்பதை 1732-இல் மற்றொரு கணித அறிஞரான ஆய்லர் கண்டறிந்தார். மறுதலையை மெய்யெனக் கொள்வதும் இதைப் போன்றதே: p பகா எண் எனில், 2-இன் p-ஆம் அடுக்கிலிருந்து 2-ஐக் கழித்தால் கிடைப்பது p-ஆல் வகுபடும்; ஆனால் 11 × 31 ஆன 341-உம் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது.

காரணிகளைக் கண்ட பிறகும் வழுக்குமிடங்கள் உள்ளன. 7,20,720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் (5 × 3 × 2 × 2 × 2 × 2) மொத்தக் காரணிகள் 240; அடுக்குகளைப் பொருட்படுத்தாமல் ஆறு பகா எண்களை மட்டும் எண்ணுவோருக்கு 64 என்றே விடை வரும். காரணிகளின் கூடுதல் 32,49,792. அதில் அந்த எண்ணும் அடங்கியிருப்பதால், அதைக் கழித்துக் கிடைக்கும் 25,29,072-ஐத்தான் 7,20,720-உடன் ஒப்பிட வேண்டும். கழிக்க மறந்தால் 1-ஐத் தவிர எல்லா எண்களுமே மிகையெண்களாகிவிடும்! ஒற்றைப்படை எண்களில் மிகையெண்ணே இல்லை என்ற நம்பிக்கையும் தவறு. 945-இன் காரணிகளை, அதைத் தவிர்த்துக் கூட்டினால் 975 வரும்.

4-ஆலும் 6-ஆலும் வகுபடும் எண் 24-ஆல் வகுபட வேண்டியதில்லை, 7,20,708 வகுபடாது. பெருக்கிச் சொல்வது சார்பகா எண்களுக்கு (1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை) மட்டுமே பொருந்தும்.

கணினியை நம்புவோருக்கும் ஓர் எச்சரிக்கை. எக்செல் போன்ற விரிதாள்கள் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்வதால், 7-இல் முடியும் 16 இலக்க எண்ணைத் தட்டச்சு செய்தால், கடைசி இலக்கம் 0 ஆகி, அந்த எண் 10-ஆல் வகுபடுவதாகவே விடை வரும். அத்தகைய எண்களை, முழு எண்களைச் சுருக்காமல் கையாளும் பைத்தான் போன்ற நிரல்மொழியில் கணக்கிடுவதே பாதுகாப்பானது.