காப்புறுதிப் பங்கில் டிவிடெண்ட்: ஒரு செக்ரோல் கிராணியின் கணக்கு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 வருஷம் கிராணியாக இருந்தவன் நான். செக்ரோல் எழுதுவதுதான் வேலை. காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை கிலோ ரப்பர் பால், எத்தனை நாள் மழை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் குடும்பத்தை இழுப்பதற்கு நல்ல மாதத்துச் சம்பளத்தை மட்டும் சொல்கிற கங்காணிகள் உண்டு. விவரமான ஆள் என் மேசைக்கு வந்து ஒன்றுதான் கேட்பார்: "ஐயா, போன மழை மாசத்துல கைக்கு எவ்வளவு நின்னுச்சு?"

டிவிடெண்டுக்காக, அதாவது நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் ரொக்கத்துக்காக, காப்புறுதிப் பங்கு வாங்க நினைக்கிறவரும் அதையே கேட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு அக்காள் மகன் ஈப்போவிலிருந்து வந்திருந்தான். முறுக்கைக் கடித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினான். "மாமா, இது ஒன்பது விழுக்காடு தருதாம். சேமநிதியைவிட அதிகம். வாங்கிடவா?" அவன் காட்டியது ஈல்டு. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடந்த ஓராண்டில் ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்டை இன்றைய விலையால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். பங்கு 10 வெள்ளி, டிவிடெண்ட் 60 சென் என்றால் 6 விழுக்காடு. அதே பங்கு 6 வெள்ளி 60 சென்னுக்கு விழுந்தால் ஈல்டு தானாகவே 9க்கு ஏறிவிடும். நிறுவனம் ஒரு சென்கூடக் கூட்டித் தரவில்லை, விலைதான் விழுந்தது. ஏன் விழுந்தது என்பதைக் கைப்பேசி சொல்லாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பணி ஓய்வு பெற்ற வருஷம், பட்டியலில் எது மேலே இருக்கிறது என்று பார்த்து, 3 வெள்ளி 10 சென் விலையில் 2,000 பங்கு வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். முந்தைய ஆண்டு டிவிடெண்ட் 31 சென். பத்து விழுக்காடு என்று வீட்டில் பெருமையடித்தேன். அந்த 31இல் 18 சென், ஒரு சொத்தை விற்ற காசில் கொடுத்த சிறப்பு டிவிடெண்ட். அறிக்கையில் தெளிவாகவே போட்டிருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. அடுத்த ஆண்டு வந்தது 8 சென். அதற்கடுத்த ஆண்டு 5. கடைசியில் 2 வெள்ளி 5 சென்னுக்கு விற்று வெளியே வந்தேன். 2,100 வெள்ளி போனது, 260 வெள்ளி டிவிடெண்ட் வந்தது. அடுத்தவன் செக்ரோலில் ஐந்து சென் பிசகினாலும் கண்டுபிடித்த ஆள், சொந்தக் கணக்கில் கோட்டைவிட்டேன்.

சரி, காப்புறுதி நிறுவனத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இரண்டு வாய்க்கால். ஒன்று, வசூலித்த பிரிமியத்தில் இழப்பீடு, ஏஜெண்ட் கமிஷன், அலுவலகச் செலவு எல்லாம் போக மிஞ்சுவது. மற்றொன்று, பிரிமியம் வந்த நாளிலிருந்து இழப்பீடு கொடுக்கும் நாள்வரை அந்தப் பணம் பத்திரங்களிலும் வைப்பிலும் கிடந்து சம்பாதிப்பது. 100 வெள்ளி பிரிமியத்துக்கு மூன்று செலவும் சேர்ந்து 90 வெள்ளி என்றால் தொழில் நன்றாக நடக்கிறது. இதைக் கம்பைன்ட் ரேஷியோ என்பார்கள். அது 100ஐத் தாண்டினால் இரண்டாவது வாய்க்காலை நம்பித்தான் பிழைப்பு. நூறை ஒட்டியே பல ஆண்டுகளாக ஓடும் நிறுவனம் பெரிய டிவிடெண்ட் கொடுத்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

கோலாலம்பூர் பங்குச் சந்தையில் காப்புறுதிப் பங்குகள் கைவிரல் எண்ணிக்கைதான். எல்பிஐ கேப்பிட்டல், அதன் கையில் இருப்பது லோன்பேக். தீ, வாகனம் போன்ற பொதுக் காப்புறுதி. அலையன்ஸ் மலேசியா, பொதுவும் ஆயுளும் இரண்டும். தக்காஃபுல் மலேசியா, இஸ்லாமிய முறை. அங்கே சந்தா பங்கேற்பாளர்களின் பொது நிதிக்குப் போகிறது, அதை நடத்துகிற நிறுவனம் கட்டணமும் உபரியில் பங்கும் பெறுகிறது. அப்புறம் மேனுலைஃப், டியூன் புரொடெக்ட். எம்என்ஆர்பி முக்கியமாக மறுகாப்புறுதி. மற்ற நிறுவனங்கள் தாங்க முடியாத பெரிய இழப்பை வாங்கித் தாங்குவது அதன் தொழில், ஆகவே பெரிய வெள்ளம் வந்தால் அடியும் அங்கே பலமாக விழலாம்.

அலையன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சாதாரணப் பங்கு தவிர, முன்னுரிமைப் பங்கு ஒன்றும் சந்தையில் கைமாறுகிறது. சாதாரணப் பங்குக்கு 1 வெள்ளி டிவிடெண்ட் என்றால் அதற்கு 1 வெள்ளி 20 சென். விரும்பினால் ஒன்றுக்கு ஒன்றாகச் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வாங்குவோர் விற்போர் குறைவு, அவசரத்துக்கு விற்கப் போனால் விலையில் கை கடிக்கும். வருமானத்துக்காகவே வாங்கி வைப்பவர் இரண்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது மழை மாசத்துக் கேள்வி. பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது. 2019 தொடங்கி இன்றுவரை இறக்குங்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஆண்டுக்கு ஒரு வரி: ஒரு பங்குக்கு லாபம், ஒரு பங்குக்கு டிவிடெண்ட், சிறப்பு டிவிடெண்ட் இருந்தால் தனிக் கட்டத்தில், இழப்பீட்டு விகிதம் (100 வெள்ளி பிரிமியத்தில் இழப்பீட்டுக்குப் போனது எவ்வளவு). நான் இன்னும் பச்சை அட்டை நோட்டில்தான் எழுதுகிறேன்.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து காடிகள் வீட்டில் நின்றன. விபத்து குறைந்தது, இழப்பீடும் குறைந்தது. அந்த ஆண்டு லாபத்தை நல்ல மாதத்துச் சம்பளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் வெள்ளம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரைமேல் ஏறி நின்றவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏறக்குறைய 610 கோடி வெள்ளி இழப்பு என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. பலர் வெள்ளக் காப்பு எடுக்காததால் எல்லாமே காப்புறுதி நிறுவனங்கள் தலையில் விழவில்லை. 2022இல் எல்லோரும் மறுபடியும் சாலையில். இந்த மூன்று வரியிலும் டிவிடெண்ட் எப்படி நடந்தது? லாபம் கொஞ்சம் குறைந்தும் டிவிடெண்ட் தாங்கியதா? லாபத்தைவிட அதிகமாகக் கொடுத்துச் சமாளித்ததா? அங்கேதான் ஆள் தெரியும். லாபத்தில் முக்கால் பங்குக்குள் கொடுக்கிற நிறுவனத்தை நான் விரும்புகிறேன். முழுவதையும் அள்ளிக் கொடுப்பவருக்கு அடுத்த வெள்ளத்துக்கு மிச்சமில்லை.

நோட்டில் 2022க்கும் 2023க்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். 2023 முதல் புதிய கணக்கியல் முறை வந்து வருமானத்தைக் காட்டும் விதமே மாறிவிட்டது. கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள லாபத்தை அப்படியே ஒப்பிட்டால் தப்பாகப் போகும். டிவிடெண்ட் மட்டும் ரொக்கம், அதற்கு இந்தக் குழப்பம் கிடையாது.

மருத்துவக் காப்புறுதி விற்கும் நிறுவனம் என்றால் இன்னொரு வரி சேருங்கள். மருத்துவமனைக் கட்டணம் ஏறியபடி பிரிமியத்தை ஏற்ற முடியுமா என்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை. 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. பாலிசி வைத்திருக்கும் எனக்கு அது நிம்மதி, பங்கு வைத்திருக்கும் எனக்கு நெருக்கடி. ஒரே வீட்டில் இரண்டு பேர் மாதிரி.

டிவிடெண்டுக்கும் பேங்க் நெகாராதான் வாசல்காவல். உரிமம் பெற்ற காப்புறுதி நிறுவனம் அதன் அனுமதியில்லாமல் டிவிடெண்ட் கொடுக்க முடியாது. கையிருப்பு மூலதன விகிதம், அதாவது இருக்க வேண்டிய மூலதனத்துக்குக் கையில் இருப்பது எவ்வளவு என்ற கணக்கு, 130 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கண்காணிப்பு இறுகும். நிறுவனம் எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள்.

நான் சொல்வது மிகைபோலத் தெரிந்தால் பிரிட்டனைப் பாருங்கள். டைரக்ட் லைன் என்ற வாகன, வீட்டுக் காப்புறுதி நிறுவனம் டிவிடெண்டுக்காகவே பலர் வைத்திருந்த பங்கு. 2022 டிசம்பர் கடுங்குளிரில் வீடுகளின் தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. பழுதுபார்க்கும் செலவும் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. 2023 ஜனவரியில் இறுதி டிவிடெண்ட் கிடையாது என்று அறிவித்தார்கள், அன்றே பங்கு விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதே நாட்டில் லீகல் அண்ட் ஜெனரல் 2020 பெருந்தொற்று ஆண்டில்கூட டிவிடெண்டை நிறுத்தவில்லை. அது நீண்டகால ஓய்வூதியத் தொழில், ஒரு குளிர்காலம் அதை ஆட்டாது.

வாங்கும் முறை சுலபம். தரகு நிறுவனத்தில் பங்குகளைப் பதிவில் வைத்திருக்கும் சிடிஎஸ் கணக்கு திறக்க வேண்டும், 18 வயது போதும். உங்கள் பெயரிலேயே பங்கு நிற்கும் நேரடிக் கணக்காகக் கேளுங்கள். டிவிடெண்ட் நேராக வங்கிக்கு வரும், ஆண்டுக் கூட்டத்துக்கும் அழைப்பு வரும். குறைந்தது 100 பங்கு, அதுதான் ஒரு லாட். குறைந்தபட்சக் கமிஷனைக் கவனியுங்கள். 1,000 வெள்ளிக்கு வாங்கி 12 வெள்ளி கமிஷன் கட்டினால், 60 வெள்ளி டிவிடெண்டில் ஐந்தில் ஒன்று அங்கேயே போச்சு. சேர்த்துவைத்து மொத்தமாக வாங்குவது மேல்.

புதிதாக வாங்குகிறவருக்கு டிவிடெண்ட் கிடைக்காமல் போகும் முதல் நாளை எக்ஸ் தேதி என்பார்கள். அதற்கு முந்தைய நாளாவது கையில் பங்கு இருந்தால்தான் அந்த டிவிடெண்ட் உங்களுக்கு. அதற்காக முதல்நாள் ஓடிப்போய் வாங்காதீர்கள், மறுநாள் விலை ஏறக்குறைய அந்த அளவே இறங்கித் திறக்கும். வரிக் கவலை வேண்டாம். தனிநபருக்கு ஆண்டுக்கு 100,000 வெள்ளிக்கு மேல் டிவிடெண்ட் வந்தால்தான், 2025 முதல், மிஞ்சிய தொகைக்கு 2 விழுக்காடு. நம் ஊரில் யாருக்காவது அந்த வரி வந்தால் மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயம் எடுக்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு போடலாம்? சேமநிதி 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு கொடுத்தது. அங்கே முதலுக்கு ஆட்டமில்லை. 55 வயதில் முழுவதையும் உருவிப் பங்கில் போடுகிறேன் என்பவரிடம் நான் பேசுவதே இல்லை. நான் போட்டது ஓய்வுகாலப் பணத்தில் ஏழில் ஒரு பங்கு, அதுவும் மூன்று வருஷத்தில் சிறுகச் சிறுக. ஒரே நிறுவனத்தில் பாதிக்கு மேல் இல்லை. எங்கள் அப்பா துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மனைவிக்கு ஒரு காகிதமும் எழுதி வைத்திருக்கிறேன். சேமநிதிக்கு வாரிசு பெயர் கொடுக்கலாம், சிடிஎஸ் கணக்குக்கு அப்படிக் கிடையாது. ஆள் போய்விட்டால் உயிலோ நிர்வாகப் பத்திரமோ இல்லாமல் பங்கை மாற்ற முடியாது. கணக்கு எண், தரகர் அலுவலகம், உயில் எங்கே இருக்கிறது, எல்லாம் அலமாரியில் அரிசிக் கூப்பன் வைத்திருந்த பழைய டப்பாவில் இருக்கிறது.

அக்காள் மகன் அந்த ஒன்பது விழுக்காட்டை இன்னும் வாங்கவில்லை. நோட்டில் நான்கு வரி எழுதியிருக்கிறானாம், மூன்றாவது வரியில் டிவிடெண்ட் கட்டம் காலி என்று போன் செய்தான்.

ஆண்டின் முதல் டிவிடெண்டில் முதல் செலவு என் மைவி காடியின் காப்புறுதி. ஐந்து வருஷத்துக்கு மேல் கிளெய்ம் செய்யாததால் 55 விழுக்காடு கழிவு இருக்கிறது, அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. வெள்ளக் காப்பையும் சேர்த்தே எடுக்கிறேன். "ஐயா, உங்க வீடு மேட்டுல இருக்கே, எதுக்கு?" என்று ஏஜெண்ட் பையன் கேட்டான். காடி எப்போதும் மேட்டிலேயே நிற்பதில்லை தம்பி என்றேன்.