யுவர்செல்ஃபா, யுவர்செல்வ்ஸா?

மேலதிகாரி ஒருவருக்கு எழுதும் ஆங்கில மின்னஞ்சலிலும், 'நீங்களே', 'உங்களையே' என்ற பொருள் வரும் இடத்தில், பலரைக் குறிக்கும் 'யுவர்செல்வ்ஸ்' என்றே போட்டுக்கொண்டிருந்தேன்; ஒருவருக்கு 'யுவர்செல்ஃப்' என்றுதான் வர வேண்டும். பிழையின் வேர் நம் 'நீங்கள்'. அது மரியாதைக்கும் வரும், பலரைக் குறிக்கவும் வரும். ஆங்கிலத்தில் மரியாதைக்காகப் பன்மை போடும் வழக்கம் இல்லை. 'யூ ஆர்' என்பது ஒருவருக்கும் பலருக்கும் பொது என்பதால் வினைச்சொல்லைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. எண்ணிக்கை தெரிவது செல்ஃப், செல்வ்ஸ் என்ற கடைசி அசையில்தான்.

இப்போது 'நீங்கள்' வரும் இடத்தில் 'நீங்கள் எல்லோரும்' என்று வைத்துப் பார்க்கிறேன். பொருந்தினால் யுவர்செல்வ்ஸ். பொருந்தாவிட்டால், எதிரே இருப்பவர் எவ்வளவு பெரியவரானாலும் யுவர்செல்ஃப்தான். அதில் அவமரியாதை துளியும் இல்லை.

'அவர்' என்பதிலும் இதே பொறி உண்டு: ஆசிரியர் ஒருவர் என்றால் ஹிம்செல்ஃப் அல்லது ஹெர்செல்ஃப். ஆணா பெண்ணா என்று தெரியாதபோதும், 'எவ்ரிஒன்' எழுவாயாக வரும்போதும் தெம்செல்வ்ஸ் போடலாம். 'எவ்ரிஒன்' ஒருமை வினை கொண்டாலும் இது ஏற்கப்பட்ட வழக்கு.

'டீம்' போன்ற சொற்களில்தான் கவனம் வேண்டும். 'தி டீம் ஹேஸ்' என்று தொடங்கினால் இட்செல்ஃப். பிரிட்டிஷ் பாணியில் 'தி டீம் ஹேவ்' என்றால் தெம்செல்வ்ஸ். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். 'தெயர்செல்வ்ஸ்', 'ஹிஸ்செல்ஃப்' இரண்டும் பொது எழுத்து வழக்கில் பிழை.