ஒரு கணினி நின்றாலும் கோப்புகள் கிடைக்க: இரண்டு பழைய டெஸ்க்டாப், ஒரு ராஸ்பெர்ரி பை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தம்பி நடத்தும் போட்டோ ஸ்டுடியோவுக்காக இதை அமைத்தேன். தேவையானவை: பழைய டெஸ்க்டாப் இரண்டு, இரண்டிலும் ஒரே அளவு ஹார்ட் டிஸ்க், ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு சிறு கணினி; இனி ‘பை’). மூன்றிலும் டெபியன் லினக்ஸ் போட்டு, மாறாத ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்து, கிளஸ்டர்எஃப்எஸ் சர்வரை நிறுவுங்கள். ஒரே கோப்பைப் பல கணினிகளில் நகலாக வைத்திருக்கும் மென்பொருள் இது.

டிஸ்க்கை எக்ஸ்எஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து மவுண்ட் செய்யுங்கள் (ஒரு ஃபோல்டரில் இணையுங்கள்). அதற்குள் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதையே பிரிக்காக, அதாவது கிளஸ்டர்எஃப்எஸ் கோப்புகளை வைக்கும் இடமாக, கொடுங்கள். மவுண்ட் பாயின்டை நேரடியாகக் கொடுத்தால் எச்சரிக்கை வரும். கட்டளையில் ‘ஃபோர்ஸ்’ சேர்த்துத் தாண்ட வேண்டாம். டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளில் அந்த ஃபோல்டர் இருக்காது, பிரிக்கும் தொடங்காது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அப்புறம் ஒரு கணினியிலிருந்து மற்ற இரண்டையும் ‘பியர் புரோப்’ கட்டளையால் இணைத்து, பிரிக்குகள் சேர்ந்த பொதுச் சேமிப்பிடமான வால்யூமை உருவாக்குங்கள். நான் சறுக்கிய இடம் இது. இரண்டு நகல் போதும் என்று பையைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். ஒரு நாள் மின்வெட்டில் முதல் கணினி அணைந்தது. தம்பி இரண்டாவதில் ஆல்பத்தைத் திருத்தினான். பிறகு இரண்டாவது அணைந்து முதலாவது வந்தது; அதே கோப்பை மறுபடி திருத்தினான். இரண்டும் திரும்பியபோது எது சரியான நகல் என்று கிளஸ்டருக்குத் தெரியவில்லை. கோப்பு திறக்கவே இல்லை. இதைத்தான் ஸ்பிளிட் பிரெயின் என்பார்கள். ஒரு முழு நாள் உழைப்பு போனது.

அதனால் ‘ரெப்ளிகா 2 ஆர்பிட்டர் 1’ என்றே உருவாக்குங்கள். ஆர்பிட்டர் என்பது நடுவர். படங்களை வைத்துக்கொள்ளாது, கோப்பின் பெயரும் மாற்றக் குறிப்பும் மட்டும் வைத்திருக்கும். பழைய நகலில் எழுத விடாது. பட்டியலில் மூன்றாவதாக வரும் பிரிக்தான் நடுவர், எனவே பையைக் கடைசியில் எழுதுங்கள். அதற்கு எஸ்டி கார்டு வேண்டாம், சிறிய எஸ்எஸ்டி போடுங்கள்.

விண்டோஸ் கணினிகளிலிருந்து இந்தக் கோப்புகளைத் திறக்க சாம்பா என்ற மென்பொருள். ஒரு கணினி நின்றால் அதன் ஐபி தானாக மற்றதற்கு மாற சிடிடிபி என்ற மென்பொருள்.

சரி, இனி சோதனை. ஒரு டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். 42 விநாடி எல்லாம் உறைந்து நிற்கும். பயப்படாதீர்கள், பதில் வராத கணினிக்காகக் காத்திருக்கும் நேரம், அதாவது பிங் டைம்அவுட், இயல்பாகவே அவ்வளவுதான். மிகவும் குறைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: கணினிகளுக்கு யூபிஎஸ் வைத்தும் தொடர்பு போகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் யூபிஎஸ்ஸில் இல்லை! அதையும் பையையும் யூபிஎஸ்ஸில் சேர்த்துவிடுங்கள்.

இது பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தால் இரண்டிலும் அழியும். தனி நகலைப் புதுச்சேரியில் வைக்கலாமா என்றும் அந்த வாசகர் கேட்டார். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் இரண்டு ஊருக்கும் நடுவேதான் கரையைக் கடந்தது. நாங்கள் திருச்சியில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறோம்.