மலிவாகக் கிடைக்கும் பழைய ஆடி டிடி: வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ராத்திரி பதினொரு மணிக்கு நண்பன் ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். 2002 மாடல் ஆடி டிடி (Audi TT) கூபே என்ற ஸ்போர்ட்ஸ் கார், 225 குதிரைத்திறன், வெள்ளி நிறம், ஓடியது வெறும் 62,000 மைல், விலை 1,900 பவுண்டு. கீழே ஒரே வரி: "மச்சான், இதை விட்டா கிடைக்காது."

வேலைக்காக இங்கிலாந்து வந்ததிலிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை உருட்டிக்கொண்டிருப்பவன் அவன். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காரின் வடிவம் அப்படி. 1995இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் மாதிரி வண்டியாக வைத்ததை 1998இல் கிட்டத்தட்ட அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2006 வரை அந்த முதல் தலைமுறை வந்தது. இன்றைக்கும் பெட்ரோல் பங்கில் நின்றால் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கண்ணுக்குப் பிடித்துப்போன காரை நாம் பரிசோதிப்பதில்லை, அதற்காக வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுகிறோம். "சின்ன ஆயில் கசிவுதானே, எல்லா பழைய வண்டியிலும் இருக்கும்" என்று விற்பவர் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம்.

பலர் செய்கிற முதல் தவறு, விலையை வைத்து செலவைக் கணக்குப் போடுவது. இது 1,900 பவுண்டு கார் அல்ல. புதிதாக வந்தபோது 30,000 பவுண்டுக்குப் பக்கத்தில் விற்ற கார், இன்று 1,900க்குக் கைமாறுகிறது, அவ்வளவுதான். அதன் கிளட்சுக்கோ டர்போவுக்கோ நீங்கள் கொடுத்த விலை தெரியாது. மெக்கானிக் மணிக்கணக்கில்தான் கூலி வாங்குவார், கார் மலிவு என்பதற்காக அந்த மணி குறையாது. யானையை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கட்டிவிடலாம், தீனி போடுவதுதான் கஷ்டம். கையில் 3,000 இருக்கிறது என்றால் 3,000க்கு டிடி வாங்காதீர்கள். 2,000க்கு வாங்கிவிட்டு ஆயிரத்தைத் தொடாமல் வைத்திருங்கள். முதல் வருடத்திலேயே அதற்கு வேலை வரும்.

அடுத்தது, குறைந்த மைலைப் பார்த்து மயங்குவது. நண்பன் அனுப்பிய விளம்பரத்தில் எனக்கு உறுத்தியதே அந்த 62,000தான். இந்த 1.8 லிட்டர் டர்போ எஞ்சினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை, செயின் இல்லை. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வுகளை மோதும். ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது. எத்தனை வளைந்தன என்று எண்ணிப் பார்க்கும்போது காரின் விலையைவிட பழுதுச் செலவு தாண்டியிருக்கும். இங்கே விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு 60,000 மைல் அல்லது 5 வருடம், எது முதலில் வருகிறதோ அது. அந்த "அல்லது"தான் முக்கியம். ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் கெடும். பெல்ட்டோடு சேர்த்து அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுழற்றும் வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் பழைய பம்ப்புகளில் உள்ளே சுழலும் விசிறி பிளாஸ்டிக், அது உடைந்து எஞ்சின் சூடேறிய கதைகள் ஏராளம். பம்ப் சுழலாமல் இறுகிப்போனால் அதை ஓட்டும் அதே பெல்ட்டையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

ஆகவே 1,40,000 மைல் ஓடி, ஒரு ஃபைல் நிறைய ரசீதோடு வரும் வண்டிக்கும், 62,000 மைல் ஓடி ரசீது எதுவும் இல்லாமல் வரும் வண்டிக்கும் நடுவில் என்னைக் கேட்டால் நான் யோசிக்காமல் முன்னதை எடுப்பேன். "பெல்ட் மாத்தியாச்சு" என்ற வாய்வார்த்தை கணக்கில் வராது. எந்தத் தேதி, எத்தனை மைலில், என்னென்ன பாகம் என்று எழுதிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

சரி, அந்த 62,000 மைல் வண்டியைப் பார்க்கப் போனோம். போவதற்கு முன்பே விற்பவரிடம் போனில் ஒன்று சொல்லியிருந்தேன்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சனிக்கிழமை காலை, ஜனவரிக் குளிர், பக்கத்துக் கார்களின் கண்ணாடியில் எல்லாம் உறைபனி. இந்தக் காரின் பானட் மட்டும் துடைத்துவிட்டது போல இருந்தது. கையை வைத்தேன், ஆறிப்போன தோசைக்கல் மாதிரி இளஞ்சூடு. "இப்போதான் இடம் மாத்தி நிறுத்தினேன்" என்றார் விற்பவர். இடம் மாற்றி நிறுத்தினால் பானட் சூடாகாது. பெல்ட் பற்றிக் கேட்டோம். "அறுபத்திரண்டுதானே ஓடியிருக்கு, இன்னும் தேவைப்படலை." இருபது வருடத்துக்கு மேல் ஆன ரப்பர்! நாளைக் காலை வந்து எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறோம் என்றதும், வேறு ஆள் வருகிறார், இப்போதே முடிவு சொல்லுங்கள் என்றார். முடிவு சொல்லிவிட்டுத் திரும்பி வந்தோம்.

குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. டர்போ என்பது சைலன்சர் வழியாக வீணாய்ப் போகும் புகையை வைத்துச் சுழலும் ஒரு சக்கரம், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும், அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் அது கரியாகிப் படியும், ஆயில் போகும் குழாய் அடைக்கும், எஞ்சின் அடியில் உறிஞ்சும் வடிகட்டியும் அடைக்கும். இப்படித் தேய்ந்த எஞ்சின் சூடாக இருக்கும்போது யோக்கியன் மாதிரி ஓடும். ராத்திரி முழுக்க நின்றுவிட்டுக் காலையில் ஸ்டார்ட் ஆகும் முதல் நிமிடத்தில்தான் உண்மை வரும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஒரு மிதி மிதிக்கும்போது பின்னால் நீலமாகக் கிளம்பினால் சந்தேகம் டர்போ மேல் விழும். வெள்ளைப் புகை குளிரில் சகஜம், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால்தான் கவலை. ஓட்டும்போது வேகம் ஏற ஏற சைரன் மாதிரி ஒரு ஊளை கூடவே ஏறினாலும் டர்போவின் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியாமல் போவதும் ஒரு தவறுதான். இந்த எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக் தலையிலும் அதற்கு மின்பொறி தரும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும், நாலு காயில். அவை அடிக்கடி போகும். போனால் எஞ்சின் குலுங்கும், விளக்கு கண்சிமிட்டும், புதிதாகப் பார்ப்பவன் பயந்து ஓடிவிடுவான். ஆனால் அது பத்து நிமிட வேலை, காசும் பெரிதாக ஆகாது. (குலுங்கலோடு தொடர்ந்து ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சாகடிக்கும்.) ரப்பர் குழாய்களில் விரிசல், காற்றழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வ் கிழிவது, இதெல்லாம் விலை குறைக்கக் கிடைத்த சாக்கு. இதற்கெல்லாம் பயந்துவிட்டு, பெல்ட் ரசீது இல்லாத, கிளட்ச் வழுக்குகிற, ஆனால் பளபளவென்று பாலிஷ் போட்ட வண்டியை வாங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளட்ச் என்றதும் ஞாபகம் வருகிறது, ரீமேப். டர்போ எஞ்சினின் கம்ப்யூட்டரில் மென்பொருளை மாற்றினால் காற்றழுத்தம் ஏறும், சக்தி ஏறும். ஒரு பாகமும் கழற்றாமல் 225 குதிரையை 260 பக்கம் கொண்டுபோகலாம் என்பதால் இந்தக் கார்களில் பாதிக்கு யாராவது எப்போதாவது செய்திருப்பார்களோ என்று தோன்றும். செய்ததில் தப்பில்லை. ஆனால் கூடுதல் முறுக்குவிசை முழுவதும் அதே பழைய கிளட்ச் வழியாகத்தான் போக வேண்டும். பார்ப்பது சுலபம்: நாலாவது கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இருக்கும்போது, காலியான நேர் ரோட்டில் முழுசாக மிதியுங்கள். சுற்றைக் காட்டும் முள் சட்டென்று எகிறி வேகம் மட்டும் ஏறாமல் இருந்தால் கிளட்ச் முடிந்தது. அதை மாற்றும்போது பளுவான ஃபிளைவீலையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள், பில் இரண்டு மடங்காகும். இன்னொன்று, ரீமேப்பை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லியே ஆக வேண்டும். விற்பவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்பது விபத்துக்குப் பிறகு உதவாத பேச்சு.

முள் எதைக் காட்டுகிறதோ அதை அப்படியே நம்புவதும் இந்தக் காரில் ஆபத்து. முதல் தலைமுறை டிடியின் மீட்டர் பலகை கெட்டுப்போவது ஊரறிந்த விஷயம். பெட்ரோல் முள் பொய் சொல்லும், வெப்பமுள் பாதியில் நிற்கும், நடுவில் உள்ள எழுத்துத் திரையில் புள்ளிகள் அழியும். வெப்பமுள் 90க்கு வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டா, சென்சாரா, பலகையா என்று தெரிய வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டும் சில்லறைச் செலவு, மூன்றாவது அப்படி அல்ல. அதற்கு ஒரு வித்தை இருக்கிறது. ஏசி பலகையில் காற்றை உள்ளேயே சுழலவிடும் பொத்தானையும் மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஒளிந்திருக்கும் ஒரு எண்வரிசை திறக்கும். அதில் 49சி வரை திருகிப் போனால் எஞ்சின் தண்ணீரின் வெப்பம் எண்ணாகவே வரும். எண் 90ஐக் காட்டி முள் 70இல் நின்றால் பொய் சொல்வது பலகை. விற்பவர் முன்னால் இதைச் செய்து பாருங்கள், அதற்குப் பிறகு அவர் உங்களிடம் பேசும் தொனியே மாறும்.

அப்படியே சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்றால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, விளக்கைப் பிடுங்கியிருக்கலாம். காரின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக்குறிகளைப் படிக்கும், இருபது பவுண்டுக்குக் கிடைக்கும் கோட் ரீடரை மாட்டினால், நேற்று ராத்திரிதான் பிழைக்குறிகளை அழித்திருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். அழித்த உடனே கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகள் முடியாதவை என்று காட்டும்.

நாலு சக்கர ஓட்டம் உள்ள குவாட்ரோ வண்டி என்றால் ஹால்டெக்ஸ் பற்றிக் கேளுங்கள். பெயர் குவாட்ரோ என்றாலும் இதில் பின்சக்கரங்களுக்கு எப்போதும் சக்தி போவதில்லை. முன்சக்கரம் வழுக்கும்போது பின்னால் இருக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தனி ஆயில், தனி ஃபில்டர். 20,000 மைலுக்கு ஒருமுறை ஆயில், இரண்டாவது முறை ஃபில்டரும். இதை மறந்துவிட்டு வருடக்கணக்கில் ஓட்டியவர்கள்தான் அதிகம், அது செத்தாலும் சாதாரண ரோட்டில் தெரியாது என்பதால். ஈரமான சரளையில் நின்ற இடத்திலிருந்து கிளப்பிப் பாருங்கள். முன்சக்கரம் மட்டும் கல்லை வாரி இறைத்தால் நீங்கள் குவாட்ரோவுக்குக் காசு கொடுத்து முன்சக்கர ஓட்ட வண்டி வாங்குகிறீர்கள். நாலு டயரும் நாலு கம்பெனி என்றாலும் முன்னாள் முதலாளி எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ளலாம்.

காகித வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிடலாம், பலர் அதைக்கூடச் செய்வதில்லை. அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எம்ஓடி, அதாவது வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையின் வரலாறு இலவசமாக வரும். தேறியதா இல்லையா என்பதைவிட "கவனிக்கவும்" என்று எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். மூன்று வருடமாக ஒரே சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது, ஒரே பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கிறது என்று வந்தால் அந்த ஆள் தேறும் அளவுக்கு மட்டும் செலவு செய்கிறவர். ஒரு வருடத்தில் 200 மைல்தான் ஓடியிருந்தால் வண்டி எங்கோ நின்றிருக்கிறது, கேளுங்கள். வி5சி என்ற வண்டிப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பது உரிமைக்குச் சான்று அல்ல என்று அதிலேயே அச்சடித்திருக்கும், எனவே கடன், விபத்து விவரம் பார்க்கும் கட்டணச் சோதனையையும் செய்துவிடுங்கள். லண்டனுக்குள் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லா பரோக்களும் (நிர்வாகப் பகுதிகள்) யூலெஸ் என்ற குறைந்த புகை மண்டலத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன, தேறாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு. பெட்ரோல் வண்டி யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இருக்க வேண்டும். இந்த வயது டிடிகளில் எதையும் ஊகிக்காமல் அந்தக் குறிப்பிட்ட எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

கடைசியில் நண்பன் வாங்கியது 2003 மாடல், 1,38,000 மைல், கருநீலம், ஓட்டுநர் சீட்டின் தோல் ஓரத்தில் வெடித்திருந்தது. விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பானட் பனி படர்ந்து ஜில்லென்று இருந்தது. டேபிள் மேல் ஒரு தடித்த ஃபைலை வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார். பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், மூன்றுக்கும் இரண்டு வருடம் முந்தைய ரசீது. கிளட்சுக்கு ரசீது. ஹால்டெக்ஸ் ஆயிலுக்கு மட்டும் எதுவும் இல்லை. கேட்டதும் "அதுக்குத் தனி ஆயிலா?" என்று அவரே எங்களைத் திருப்பிக் கேட்டார், பிறகு 120 பவுண்டு குறைத்துக்கொண்டார். அடுத்த வாரமே மாற்றினோம். வெளியே வந்தது காபி டிகாஷன் மாதிரி இருந்தது, முதல் டிகாஷன்.